கிலாபத் தடத்தில் மலபார்: கோழிக்கோட்டிலிருந்து போத்தனூர் வரை

முதல் நாள்: கோழிக்கோடு

1921-ல் கிலாபத்தும் குடியானவர் கோபமும் சேர்ந்து மாப்பிளாக்கள் (மலபார் முஸ்லிம்கள்) பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளர்ந்த மலபாரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் நேரே திரூருக்குப் போய், ரயில் பெட்டி நினைவு மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது கதையின் கடைசிப் பக்கம். இந்தத் தடத்தை வரிசையாகப் பிடித்தால்தான் எந்த இடத்தில் எது முறிந்தது என்று தெரியும். அதற்குக் கோழிக்கோட்டில் தொடங்க வேண்டும்.

1920 ஆகஸ்ட் 18 அன்று காந்தியும் கிலாபத் தலைவர் மௌலானா சௌகத் அலியும் கோழிக்கோடு கடற்கரையில் பேசினார்கள். சென்னையில் பேசிவிட்டு ஆம்பூர், வேலூர், கும்பகோணம், நாகூர், திருச்சி என்று வந்து, அங்கிருந்து ரயிலேறி இங்கே இறங்கியிருந்தார்கள். முதல் உலகப் போரில் தோற்ற துருக்கியை வெற்றி பெற்ற நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அந்த மாதம் 10-ஆம் தேதிதான் செவ்ரே ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இஸ்லாமியரின் கலீபாவான சுல்தானின் அதிகாரத்தில் கைவைக்கமாட்டோம் என்று போரின்போது கொடுத்த வாக்கை பிரிட்டன் மீறிவிட்டது என்பது கிலாபத் இயக்கத்தின் வழக்கு. பட்டங்களைத் திருப்பிக் கொடு, கோர்ட்டுக்குப் போகாதே, அரசுப் பள்ளியை விடு, சட்டசபைத் தேர்தலைப் புறக்கணி என்று படிப்படியாக ஏறும் ஒத்துழையாமைதான் அதன் வழிமுறை. வரி கொடுக்க மறுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கப்பட்டிருந்தது.

துருக்கி சுல்தானுக்காக தெற்கு மலபாரின் ஏறநாடு தாலுக்காவில் குத்தகைக்கு உழுத பாட்டக்குடி ஏன் கூட்டம் கூடினான் என்பதற்கு விடை கடற்கரையில் இல்லை, வயலில் இருக்கிறது. மலபாரில் நிலம் ஜன்மியுடையது. அவருக்குக் கீழே காணம் என்ற நீண்டகாலக் குத்தகை பெற்ற காணக்காரர், அவருக்கும் கீழே வெறும் குத்தகைக்கு உழும் வெறும்பாட்டக்காரர். காணத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் கூடுதலாகத் தருகிறவன் வந்தால், உழுதுகொண்டிருப்பவன் தலைக்கு மேலேயே அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். இதை மேல்சார்த்து என்பார்கள். தெற்கு மலபாரின் உள்நாட்டில் ஜன்மிகள் பெரும்பாலும் நம்பூதிரி, நாயர் குடும்பங்கள், அடிமட்டப் பாட்டக்காரர்களில் பெரும்பகுதி மாப்பிளாக்கள். 1881-லேயே, மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் இதை விசாரித்து, குடியானவனுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதிவைத்தார். நாற்பது ஆண்டு அந்தக் காகிதம் சும்மா கிடந்தது.

கோழிக்கோட்டில் அரை நாள் போதும். காலையில் வெள்ளயில் கடற்கரை, பிறகு குற்றிச்சிறையின் பழைய மரப் பள்ளிவாசல்கள். வெள்ளிக்கிழமை பகல் 12 முதல் 2 வரை எந்தப் பள்ளியையும் பார்க்கத் திட்டமிட வேண்டாம். பெரும்பாலான பழைய பள்ளிகளில் பெண்கள் உள்ளே போக முடியாது, வெளி முற்றத்தோடு சரி. இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் வாசலில் சங்கடப்பட வேண்டியிருக்காது.

காலம் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலாக்காரர்கள் தவிர்க்கும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் இந்தப் பயணத்துக்குச் சரி. மோதல் தொடங்கியதும் அந்த மாதங்களில்தான். வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்க்காமல் பூக்கோட்டூர் விளங்காது. குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். காட்டோரத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் நாள்: பரப்பனங்காடி, திரூரங்காடி, மம்புரம்

கோழிக்கோட்டிலிருந்து தெற்கே போகும் பாசஞ்சரில் பரப்பனங்காடி இறங்க வேண்டும். எக்ஸ்பிரஸ்கள் பல இங்கே நிற்காது, நிறுத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். 1921 ஆகஸ்ட் 19 இரவு மாவட்ட மாஜிஸ்ட்ரேட் இ. எப். தாமஸ், லின்ஸ்டர் ரெஜிமெண்ட் சிப்பாய்களோடும் போலீசோடும் தனி ரயிலில் வந்து இறங்கியதும் இதே ஸ்டேஷன்தான். அங்கிருந்து இருட்டிலேயே திரூரங்காடிக்கு நடந்தார்கள். இப்போது திரூரங்காடியை ஒட்டிய செம்மாட்டுக்குப் பஸ் அடிக்கடி உண்டு, அரை மணிக்குள் போய்விடலாம்.

நடுவில் ஒரு வருஷம் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1920 ஏப்ரல் 28 மஞ்சேரி மாநாட்டில் கிலாபத் தீர்மானமும் குடியானவர் தீர்மானமும் ஒரே மேடையில் வந்தன. அதை எதிர்த்து அன்னி பெசண்ட் வெளியேறினார். அதன் பிறகு ஏறநாடு, வள்ளுவநாடு தாலுக்காக்களில் ஊருக்கு ஊர் கிலாபத் கமிட்டிகள் முளைத்தன. தலைவர், செயலாளர், உறுப்பினர் பதிவு, நிதி வசூல், உடுப்புப் போட்ட தொண்டர்கள் என்று எல்லாம் முறைப்படிதான். எம். பி. நாராயண மேனோனும் கட்டிலச்சேரி முகமது முஸ்லியாரும் குடியானவர் சங்கத்தையும் கிலாபத்தையும் சேர்த்தே ஓட்டினார்கள்.

அரசு செய்த பெரிய பிழை 1921 பிப்ரவரியில். கூட்டங்களுக்குத் தடை போட்டு, சென்னையிலிருந்து வந்த யாகூப் ஹசனையும் கே. மாதவன் நாயர், யு. கோபால மேனோன், பி. மொய்தீன் கோயா ஆகியோரையும் பிப்ரவரி 16 அன்று பிடித்து ஆறு மாதம் உள்ளே போட்டது. (யாகூப் ஹசன்தான் 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் பொதுப்பணித் துறை மந்திரியானவர்.) கூட்டத்தை அடக்கிப் பேசத் தெரிந்தவர்கள் சிறைக்குள், கூட்டம் வெளியே. ஆகஸ்டில் நடந்ததற்கு வேறு எந்தக் காரணத்தைச் சொன்னாலும் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

செம்மாட்டில் ஹஜூர் கச்சேரி என்ற பழைய அரசு அலுவலக ஓட்டுக் கட்டடம் இருக்கிறது. அங்கிருந்து திரூரங்காடிக் கடைத்தெரு வழியாகக் கிழக்கேபள்ளிக்கு நடந்தே போகலாம். ஊரின் கிலாபத் தலைவரான ஆலி முஸ்லியார் பாடம் நடத்திய பள்ளிவாசல் அது. நெல்லிக்குத்தில் பிறந்தவர், மக்காவில் படித்தவர். தாமஸ் அவரைத் தேடித்தான் வந்தார். ஆகஸ்ட் 20 விடியற்காலையில் பள்ளியைச் சோதனை போட்டார்கள், அவர் கிடைக்கவில்லை, மூன்று பேரை மட்டும் பிடித்தார்கள். அதற்குள் வெளியூர்களுக்கு வேறு செய்தி போய்விட்டது: மம்புரம் பள்ளிவாசலைப் பட்டாளம் இடித்துவிட்டது.

இங்கே நின்று தூரத்தைப் பார்க்க வேண்டும். மம்புரம் மக்காம் கடலுண்டிப் புழைக்கு அக்கரையில் இருக்கிறது. 1845-ல் மறைந்த சையது அலவி தங்கள் (‘தங்கள்’ என்பது சையது குடும்பத்தாரின் பட்டப் பெயர்) அடங்கிய இடம். திரூரங்காடியில் இருந்தவனுக்குப் பள்ளி முழுசாக நிற்பது தெரியும், ஒரு நடை நடந்தால் போதும். தானூரிலிருந்தும் கோட்டக்கல் பக்கத்திலிருந்தும் கிளம்பியவனுக்குத் தெரியாது. அலவி தங்களின் மகன் பசல் தங்களை 1852-ல் வெள்ளைக்காரன் அரபு நாட்டுக்கு அனுப்பிவிட்ட ஆறாத கோபம் வேறு. வதந்தி நம்பும்படி இருந்தது. தானூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூட்டமும் பட்டாளமும் மோதின. இன்னொரு பக்கத்தில் லெப்டினன்ட் ஜான்ஸ்டனும் போலீஸ் அதிகாரி ரௌலியும் கூட்டத்திடம் சிக்கிச் செத்தார்கள். அன்றைய வெள்ளைக்காரக் கல்லறைகள் ஹஜூர் கச்சேரி வளாகத்தில் இருக்கின்றன. பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். அடுத்த நாள் தந்திக் கம்பியும் தண்டவாளமும் பல இடங்களில் கிடையாது. தாமஸ் கோழிக்கோட்டுக்கு நடந்தே திரும்ப வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்துப் பட்டாளம் மறுபடி திரூரங்காடிக்கு வந்து பள்ளிவாசலை வளைத்தது. ஆகஸ்ட் 31 அன்று ஆலி முஸ்லியார் சரணடைந்தார்.

மம்புரத்துக்குப் பாலம் தாண்டிப் போகலாம். வியாழன் மாலை ஸ்வலாத் மஜ்லிஸுக்கு (நபிகள் மீது வாழ்த்து ஓதும் கூட்டம்) பெருங்கூட்டம் வரும். அதைக் காண வேண்டுமென்றால் அன்று வாருங்கள், இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள். தலையை மூடத் துண்டு வேண்டும். பெண்களுக்குத் தனி வழி உண்டு.

மூன்றாம் நாள்: பூக்கோட்டூர், மலப்புரம்

கோழிக்கோடு–பாலக்காடு நெடுஞ்சாலையில் கொண்டோட்டி, மோரயூர், வள்ளுவம்புரம், பூக்கோட்டூர், மலப்புரம் என்று ஊர்கள் வரிசையாக வரும். கோழிக்கோட்டிலிருந்து மலப்புரம் சுமார் 50 கிலோமீட்டர். மலப்புரம் பஸ்ஸில் ஏறி பூக்கோட்டூருக்கு டிக்கெட் கேளுங்கள். ஆனால் இறங்க வேண்டியது அதற்குச் சற்று முன்னால், பிலாக்கல் பக்கம்.

பூக்கோட்டூர்க் கமிட்டிச் செயலாளர் வடக்கேவீட்டில் முகமது, நிலம்பூர் கோவிலகத்தில் (ஜன்மிக் குடும்பத்தின் அரண்மனை) வேலை பார்த்தவர். கோவிலகத்தின் துப்பாக்கி காணாமல் போனதாகச் சொல்லி அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். பறை அடித்துக் கூட்டம் கூடி போலீஸ் இன்ஸ்பெக்டரைத் திருப்பி அனுப்பியது. இது திரூரங்காடிக்கு முன்பே, ஆகஸ்ட் தொடக்கத்தில் நடந்தது. சம்பளத் தகராறு, நிலத் தகராறு, கிலாபத் மூன்றும் ஒரே ஆளின் வீட்டு வாசலில் சந்தித்த இடம் இது.

ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. மலப்புரத்தில் சிக்கிக்கொண்டவர்களை மீட்க கேப்டன் மெக்கன்ராய் தலைமையில் லாரிகளில் பட்டாளம் வருகிறது என்று பூக்கோட்டூருக்கு முன்கூட்டியே தெரியும். ரோட்டின் ஒருபக்கம் வயல், மறுபக்கம் மேடு. பருவமழையில் வயல் நிறையத் தண்ணீர், லாரி ரோட்டை விட்டு இறங்கவே முடியாது. பதுங்கியிருந்தவர்களின் கணக்கு எளிமையானது: கடைசி லாரியும் வளைவுக்குள் வந்த பிறகு இரண்டு முனையையும் அடைப்பது, நெருங்கிப் போய் வாளும் கத்தியும் கொண்டு முடிப்பது. கையில் துப்பாக்கி கொஞ்சம்தான், ஆகையால் நெருக்கம் இல்லாமல் இந்தத் திட்டமே கிடையாது. முன்லாரிகள் வந்தவுடனேயே யாரோ அவசரப்பட்டுச் சுட்டுவிட்டார்கள். பின்னால் வந்தவை அங்கேயே நின்றன. பட்டாளம் புகைக்குண்டு போட்டு மறைவு ஏற்படுத்தி, மெஷின்கன்னை நிறுத்திவிட்டது. அதற்கு மேல் ஓடி வந்தவர்கள் எல்லாரும் திறந்த வெளியில், முழங்கால் தண்ணீரில் ஓடினார்கள். சண்டை ஐந்து மணி நேரம் நடந்தது. செத்த மாப்பிளாக்களின் எண்ணிக்கையை 250 முதல் 400 வரை பலவிதமாகச் சொல்வார்கள். வடக்கேவீட்டில் முகமதும் செத்தார். பட்டாளத்தின் பக்கம் இழப்பு மிகக் குறைவு. போலீஸ் அதிகாரி லங்காஸ்டர், சண்டை முடிந்து மலப்புரம் போகும் வழியில் வெடிகுண்டு வீச்சில் செத்தார்.

பிலாக்கலில் ரோட்டோரமாகவே கபரஸ்தான் இருக்கிறது, பலரை ஒரே குழியில் அடக்கிய இடம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள். பூக்கோட்டூரில் யுத்த நினைவு வளைவு இருக்கிறது. ரோடு இப்போது அகலப்பட்டுவிட்டது, வயலில் பாதி கட்டடமாகிவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் மிச்ச வயலில் தண்ணீர் நின்று பழைய தரை கண்ணுக்குப் பிடிபடும்.

மலப்புரத்தில் மாலையில் கோட்டக்குன்னு ஏறலாம். இன்று அது டிக்கெட் வாங்கிப் போகும் பூங்கா. பிள்ளைகளும் ஐஸ்கிரீமும் நிறைந்த இடம். 1922 ஜனவரி 20 அன்று வாரியங்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜியை இங்கேதான் சுட்டார்கள். மாதக் கணக்கில் ஏறநாட்டின் கிழக்குப் பகுதியில் தனி ஆட்சி நடத்தியவர், வரி வாங்கியவர், கொள்ளையடித்த தன் ஆட்களையே தண்டித்தவர். உடலை எரித்துவிட்டார்கள், கல்லறை தேடி அலைய வேண்டாம். ஊரில் அவர் பெயரில் டவுன்ஹால் இருக்கிறது. கிளர்ச்சியை அடக்குவதற்காகப் போலீஸ் சூப்பிரண்டு ஹிட்ச்காக் உருவாக்கிய மலபார் ஸ்பெஷல் போலீஸின் தலைமையகமும் இதே ஊரில் இன்றும் நடக்கிறது.

நான்காம் நாள்: பாண்டிக்காடு, துவ்வூர், நிலம்பூர்

இந்த நாளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

மலப்புரத்திலிருந்து மஞ்சேரி, மஞ்சேரியிலிருந்து பாண்டிக்காடு என்று பஸ் மாறிப் போகலாம். பாண்டிக்காட்டில் 1921 நவம்பர் 14 விடியலில் கூர்க்கா முகாமின் மண்சுவரை இடித்துக் கிளர்ச்சிக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட மாப்பிளாக்கள் அங்கேயே செத்தார்கள். அடுத்து துவ்வூர். செப்டம்பர் 25 அன்று கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான செம்பிரச்சேரி தங்கள் ஒரு பாறை மேட்டில் நீதிமன்றம் போல உட்கார்ந்து, பட்டாளத்துக்கு உதவினார்கள் என்று பிடித்து வந்தவர்களை விசாரித்தார். முப்பதுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கிணற்றில் தள்ளினார்கள். பெரும்பாலும் இந்துக்கள், இரண்டு மாப்பிளாக்களும் உண்டு. நிலம்பூர் கோவிலகத்தைத் தாக்கியபோது காவல்காரர்களோடு பெண்களும் செத்தார்கள். கட்டாய மதமாற்றங்களும் நடந்தன. கோழிக்கோட்டு அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கான இந்துக் குடும்பங்கள் இருந்ததும் உண்மை. மதமாற்றம் தம் ஆட்களின் வேலையல்ல என்று குஞ்ஞகமது ஹாஜி எழுதிய கடிதம் அக்டோபரில் ‘இந்து’ பத்திரிகையில் வந்தது. அவர் சொன்னது அவர் ஆண்ட பகுதிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. மற்றப் பகுதிகளில் அவர் சொல் செல்லவில்லை என்பது மட்டும் துவ்வூரிலேயே தெரிகிறது.

பூக்கோட்டூரை மட்டும் பார்த்தவர்கள் குடியானவர் போர் என்று எழுதுகிறார்கள். துவ்வூரை மட்டும் பார்த்தவர்கள் மதக் கலவரம் என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். கேரள அரசு 1971-ல் இதில் பங்கெடுத்தவர்களை விடுதலைப் போராட்ட வீரர்களாக ஏற்றது. அதன் மீது சண்டை இன்னும் ஓயவில்லை. டீக்கடையில் இதைப் பற்றிக் கேட்கும்போது ஒரு கட்சியாகக் கேட்காதீர்கள், பதில் வராது. கிணறு எங்கே என்று மட்டும் கேட்டால் வழி சொல்வார்கள். வீடுகளுக்கு நடுவே போவதால் அனுமதி கேட்டுக்கொண்டு போவதே முறை.

நிலம்பூரில் தேக்குத் தோப்பு பார்க்கலாம். அதை உருவாக்கிய கலெக்டர் கனோலி, பசல் தங்களை அனுப்பியவரும் அவரே, 1855-ல் கோழிக்கோட்டில் மாப்பிளாக்களால் கொல்லப்பட்டார். இரவு தங்க நிலம்பூரில் விடுதிகள் உண்டு.

ஐந்தாம் நாள்: நிலம்பூர்–ஷொறணூர் ரயில், திரூர்

நிலம்பூர் ரோடு ஸ்டேஷனிலிருந்து ஷொறணூருக்கு 66 கிலோமீட்டர். இருபுறமும் மரம் மூடிய ஒற்றைப் பாதை. ஷொறணூரிலிருந்து அங்காடிப்புரம் வரை தண்டவாளம் திறந்ததே 1927-ல்தான். துவ்வூர், மேலாற்றூர், பட்டிக்காடு எல்லாம் வழியில் வரும். ரயில்கள் குறைவு. ஒன்றை விட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஆகையால் காலை வண்டியையே பிடியுங்கள். ஷொறணூரில் மாறினால் திரூர்.

1921 நவம்பர் 19, சனிக்கிழமை மாலை. திரூர் ஸ்டேஷனில் பெல்லாரி சிறைக்கு அனுப்ப நூறு கைதிகள். 97 மாப்பிளாக்கள், 3 இந்துக்கள். மெட்ராஸ் செல்லும் பாசஞ்சரில் கோத்த ஒரு மூடிய சாமான் பெட்டியில் அத்தனை பேரையும் அடைத்தார்கள். மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் 1711-ஆம் எண் பெட்டி. ஏறத்தாழ 18 அடி நீளம், 9 அடி அகலம். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒன்றரைச் சதுர அடி சொச்சம். உட்கார முடியாது, நிற்கத்தான் முடியும். ஆனால் கொன்றது நெரிசல் மட்டுமல்ல. காற்றுத் துளைகளில் நுண்ணிய கம்பி வலை அடித்திருந்தது. அந்த வலைமேல் பெயிண்டும் தூசியும் அப்பி அடைத்துப்போயிருந்தன. பார்வைக்குக் காற்றோட்டமுள்ள பெட்டி, உள்ளே காற்றே இல்லை. விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய நாப், இந்த வலையைத்தான் முக்கியக் காரணமாக எழுதினார். இதற்கு முன்பும் பல தடவை இதே மாதிரிப் பெட்டிகளில் கைதிகளை ஏற்றியிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாரும் வலையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பிழைத்தவர்கள் சொன்னது: கதவைத் தட்டினோம், கத்தினோம், வியர்வையை நக்கினோம், ஆணி கழன்ற ஒரு துளையில் முறை வைத்து மூக்கை வைத்தோம். வண்டி ஷொறணூரிலும் ஒலவக்கோட்டிலும் (இன்றைய பாலக்காடு ஜங்ஷன்) நின்றது. கதவு திறக்கப்படவில்லை.

திரூரில் வேகன் டிராஜடி நினைவு டவுன்ஹால் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம், பெட்டியின் வடிவிலேயே முகப்பு. திருமணமோ கூட்டமோ நடந்தால் உள்ளே போக முடியாது, வெளியே நின்று பார்ப்பதோடு சரி. உடல்களை அடக்கிய கோரங்காத்து ஜும்ஆ பள்ளியும் கோட் ஜும்ஆ பள்ளியும் ஊருக்குள்ளேயே. ஸ்டேஷன் சுவரில் 2018-ல் இந்தச் சம்பவத்தை ஓவியமாக வரைந்து, எதிர்ப்பு வந்ததும் அழித்துவிட்டார்கள். அதைத் தேடாதீர்கள். நேரமிருந்தால் பெரிந்தல்மண்ணைப் பக்கம் குருவம்பலத்துக்கும் போகலாம். செத்தவர்களில் பலருக்குச் சொந்த ஊர் அது.

ஆறாம் நாள்: போத்தனூர், கோவை

திரூரிலிருந்து போத்தனூர் சுமார் 140 கிலோமீட்டர். மாலை வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். அன்றைக்கு இந்தத் தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனது, இப்போது மூன்று மணி நேரம். கோவை ஜங்ஷனுக்குப் போகும் சில வண்டிகள் போத்தனூரில் நிற்காது என்பதைக் கவனியுங்கள்.

நள்ளிரவு தாண்டி 12.30 மணி வாக்கில் போத்தனூரில் கதவைத் திறந்தார்கள். 56 பேர் உள்ளே செத்துக்கிடந்தார்கள். மற்றவர்களைக் கோவைக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் பலர் செத்து மொத்தம் 70 ஆயிற்று. இறந்த உடல்களை அதே பெட்டியில் திரூருக்குத் திருப்பி அனுப்பினார்கள். காவல் சார்ஜன்ட் ஆண்ட்ரூஸ் மீது வழக்கு நடந்து விடுதலையானார். திரூர் டவுன்ஹால் போல ஒன்றை போத்தனூரில் எதிர்பார்த்து வர வேண்டாம். பழைய ரயில்வே ஊர், அதன் சந்திப்பும் தண்டவாளங்களும்தான் காட்சி.

கோவை மத்தியச் சிறை நஞ்சப்பா சாலையில் இருக்கிறது. வ.உ.சி. செக்கிழுத்த சிறை என்று நமக்குத் தெரியும். 1922 பிப்ரவரி 17 அன்று ஆலி முஸ்லியாருக்குத் தூக்கு நிறைவேற்றிய சிறையும் இதுவே. உள்ளே போக முன் அனுமதி வேண்டும். வெளிச்சுவரோடு நடந்து பார்க்க யாரும் தடுக்கமாட்டார்கள், படம் எடுத்தால் தடுப்பார்கள்.

ராணுவச் சட்டம் 1922 பிப்ரவரி 25 வரை நீடித்தது. அரசுக் கணக்கில் கொல்லப்பட்டவர்கள் 2,339, காயமடைந்தவர்கள் 1,652, பிடிபட்டவர்கள் 5,955, சரணடைந்தவர்கள் 39,348. காந்தி மலபாருக்கு வர விரும்பினார், அரசு விடவில்லை. அவரோடு வந்த, சௌகத் அலியின் தம்பி முகமது அலியை 1921 செப்டம்பர் 14 அன்று வால்டேர் ஸ்டேஷனிலேயே பிடித்துவிட்டார்கள். தனியாகத் தெற்கே வந்த காந்தி மதுரையில் இடுப்பு வேட்டிக்கு மாறியது அதற்கு அடுத்த வாரம். துருக்கியரே 1924 மார்ச்சில் கலீபா பதவியை ஒழித்தார்கள். குடியானவனுக்கு மலபார் குத்தகைச் சட்டம் கிடைக்க இன்னும் சில ஆண்டு ஆயிற்று.

மேலும் தோண்ட விரும்புகிறவர்களுக்கு: மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகையால் அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு பகுதி கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்திலும் உண்டு. அடையாள அட்டையும், படிப்பு நிறுவனத்தின் கடிதமும் கொண்டு போங்கள். 1921–22 பொதுத் துறைக் கோப்புகளிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலக் குமாஸ்தாக்கள் எழுதிய மாப்பிளாப் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வேறாக இருக்கும். அதனால் ஆளின் பெயரைவிட அம்சம், தேசம் (மலபாரின் வருவாய்ப் பிரிவுகள்), வீட்டுப் பெயர் என்று தேடுவதே விரைவில் கைகொடுக்கும்.